ஒரே வீட்டில் அடி வாங்கிய அண்ணனும் நானும்

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே அப்பா, ஒரே பெல்ட். பெரம்பூரில், வாசலில் அடிபம்பும் பின்னால் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறையும் இருந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் வளர்ந்தோம். அப்பா எங்களை அடித்தார். அம்மாவை அதைவிட அதிகமாக அடித்தார். என்றைக்கு அடி விழும் என்று எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். சம்பள நாள், மாமா வீட்டிலிருந்து யாராவது வந்துபோன நாள், குழம்பில் உப்பு கூடிய நாள்.

இப்போது அண்ணனுக்கு 52 வயது, எனக்கு 49. அவனுக்குக் குடி, முன்கோபம், சுகர். எனக்குப் படபடப்பு, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, காரணம் தெரியாமல் வரும் அழுகை. சொந்தக்காரர்கள் கணக்கில் அவன் அப்பாவைப் போலவே போய்விட்டான். நான் நன்றாகப் படித்து, வேலைக்குப் போய், குடும்பத்தை நிமிர்த்தியவள், ஆனால் "கொஞ்சம் டென்ஷன் பார்ட்டி". இந்த இரண்டையும் அந்த வீட்டில் நடந்ததோடு சேர்த்துப் பார்த்தவர்கள் யாருமில்லை. இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுது பாப்பா, பேரை மட்டும் போடாத" என்றான்.

நான் மருத்துவர் இல்லை. ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் சில வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. சின்ன வயதில் வாங்கிய அடியும், கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் அடியும் நடுவயதில் மறுபடி தலைகாட்டுகின்றன. பெண்ணிடம் அது உடம்பு வலியாக, பயமாக, சோர்வாக வருகிறது. உடனே ஸ்கேன் எடுக்க ஓடுகிறோம். ஆணிடம் குடியாக, கோபமாக வருகிறது. அவன் குணமே அப்படி என்று முடித்துவிடுகிறோம். உங்களை யாராவது அடித்தார்களா, இன்னும் அடிக்கிறார்களா என்று இருவரிடமும் கேட்பதில்லை.

பெங்களூருவில் இருக்கும் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. மனச்சோர்வு பெண்களிடமும், 40 முதல் 49 வயதுக்காரர்களிடமும், பெருநகரங்களிலும் அதிகமாக இருந்தது. மது, புகையிலை போன்றவற்றால் வரும் கோளாறுகள் ஆண்களிடம் அதிகம். வயதுவாரியாகப் பார்த்தால் 40 முதல் 59 வரை உச்சம். மதுக் கோளாறு மட்டும் ஆண்களில் 9 சதவீதம், பெண்களில் 0.5 சதவீதம். இதற்கெல்லாம் வன்முறைதான் காரணம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்தபோது எங்கள் வீட்டைத்தான் பார்த்தேன்.

வன்முறையோடு நேரடியாக முடிச்சுப் போட்ட ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1998இல் வெளியானது. ஃபெலிட்டி, அன்டா என்ற இரண்டு மருத்துவர்கள் முன்னின்று நடத்தினார்கள். உடல் பரிசோதனைக்கு வந்த சாதாரண ஜனங்களிடம், சராசரியாக ஐம்பதைத் தாண்டியவர்களிடம், சிறுவயதில் வீட்டில் என்னென்ன நடந்தது என்று கேட்டார்கள். அடி, பாலியல் தொல்லை, குடிகாரர் இருந்த வீடு, இப்படிப் போகும் அந்தக் கேள்விகளில் அம்மா அடி வாங்குவதைப் பார்த்தாயா என்பதும் ஒன்று. நான்கு வகைக் கொடுமையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடி நோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து, எதுவும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது ஐம்பது வயதில் நோயாகி நிற்கிறது. இதை முதல்முறை படித்த அன்று எனக்கு வந்தது ஒரு விதமான நிம்மதி. அண்ணன் கெட்டவனும் இல்லை, நான் பைத்தியமும் இல்லை.

சரி, ஒரே அடி ஏன் இரண்டு விதமாகப் போகிறது?

அமெரிக்காவிலேயே 1995இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வில், வாழ்க்கையில் ஏதாவது ஒரு கொடும் அதிர்ச்சியைச் சந்தித்தவர்கள் ஆண்களில் 60.7 சதவீதம், பெண்களில் 51.2 சதவீதம். அதிகம் சந்தித்தது ஆண்கள்தான். ஆனால் அந்த அதிர்ச்சி அகலாமல் நோயாக மாறியது ஆண்களில் 5 சதவீதம் பேருக்கு, பெண்களில் 10.4 சதவீதம் பேருக்கு. பெண்ணுக்கு மனம் பலவீனம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. யார் அடித்தார்கள், எங்கே அடித்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? எங்கள் ஏரியா ஆண்கள் வாங்கிய அடி பெரும்பாலும் வெளியே வாங்கியது. பள்ளிக்கூடத்தில், ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியிடம், தெருச் சண்டையில், ஸ்டேஷனில். அடித்தவனை விட்டு விலகி வீட்டுக்கு வரலாம். பெண் வாங்கிய அடி வீட்டுக்குள் வாங்கியது. சோறு போடுகிறவர், பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர் அடித்தது. மறுநாள் காலை அவருக்கே காபி போட வேண்டும். அது ஒரு தடவை நடந்து முடிவதும் இல்லை. சிறுமியாக இருக்கும்போது வீட்டுக்குள் நடக்கும் பாலியல் கொடுமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அதற்குள் இங்கே போகவில்லை.

ஆணுக்கு வலி குறைவு என்பதும் பொய். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றவர்களே வாத்தியாரிடம் ஒப்படைத்த தலைமுறை நாங்கள். எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஆண்கள் அந்தக் கதைகளை இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். எந்த சார் எந்தக் கம்பால் அடித்தார், யாருக்குக் கை வீங்கியது, யார் முட்டி போட்டு மயங்கி விழுந்தான். "அந்த அடிதான்டா நம்மள மனுஷனாக்குச்சு" என்று ஒருவர் போட்டால் முப்பது கைதட்டல் விழும். பெண்கள் அந்த நேரத்தில் எதுவும் போட மாட்டார்கள். ஒருமுறை அப்படிக் கைதட்டியவர்களில் ஒருவர் அன்று இரவே எனக்குத் தனியாக எழுதினார். அந்த வாத்தியாரைக் கடைத்தெருவில் பார்த்தால் இன்றைக்கும் அவருக்குக் கை நடுங்குகிறதாம். "குரூப்ல சொல்லிடாத" என்று முடித்திருந்தார். ஐம்பது வயது ஆண் தன் பயத்தைச் சொல்ல அந்த ஒரு வரிக்கு மேல் இந்த ஊரில் இடம் இல்லை. மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி வாங்குவதாக வந்தது; அடி வாங்கியவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். அந்தப் பையன்களும் நாற்பதை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அடி விழும்போது எனக்குச் சொல்லப்பட்டது "நீ உள்ளே போ" என்பதுதான். உள்ளே போய் என்ன செய்வேன்? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட் தாழ்ப்பாள் சத்தத்தை வைத்தே அப்பா எந்த மனநிலையில் வருகிறார் என்று கண்டுபிடிப்பேன். ஆபத்து வரும்போது உடம்பு அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரந்து நம்மைத் தயார்ப்படுத்துகிறது. ஆபத்து போனதும் அடங்க வேண்டும். வருடக்கணக்கில் தினமும் ஆபத்து வந்தால் அது சரியாக அடங்கப் பழகுவதே இல்லை. பூனை ஏறிக் குதித்தாலும் அலறுகிற கார் அலாரம் மாதிரி ஆகிவிடுகிறது. என் கணவர் அதட்டிக்கூடப் பேசாதவர். ஆனாலும் அவர் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டால் என் வயிறு இன்னும் இறுகுகிறது.

அண்ணனுக்குச் சொல்லப்பட்டது வேறு. "ஆம்பளப் புள்ள ஒருத்தன் இருக்கானே, தடுக்கக் கூடாதா?" என்று அத்தை, சித்தி, பக்கத்துக் குடித்தனம் எல்லோரும் அவனிடம்தான் கேட்டார்கள். அப்போது அவனுக்குப் பத்து, பதினோரு வயது. பெரியவர்கள் யாரும் செய்யாத வேலையை அந்தச் சிறுவன் தலையில் கட்டினார்கள். பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் அவன் அப்பாவின் கையைப் பிடித்து முறுக்கி நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு அவன் வீட்டில் இருக்கும்போது அப்பா அம்மா மேல் கை வைப்பதில்லை. அவன் இல்லாத நேரம் பார்த்து அடித்தார். "நான் டியூஷன் போயிருக்கக் கூடாது, விளையாடப் போயிருக்கக் கூடாது" என்று அவன் இந்த வயதில், குடித்திருக்கும்போது சொல்கிறான். குடிக்காதபோது சொல்வதில்லை.

அண்ணனை எந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாலும் "குடிப்பீங்களா, எவ்வளவு, எத்தனை வருஷமா" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்பவர்கள்கூட அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதில்லை. 2003இல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தபோது அவனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அழுவதற்கு இடம் இல்லாத ஆண்களுக்கு, போய் உட்கார இடம் தெருவுக்குத் தெரு கிடைத்தது.

இதை வைத்து அவன் செய்வதற்கு நியாயம் கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணியை அவன் அடித்ததில்லை. அவன் சொல்வதை நம்பாமல், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அண்ணியிடம் தனியாகக் கேட்டேன். "கை வெச்சதில்ல. ஆனா கத்துவாருல்ல, தட்டைத் தூக்கி எறிவாருல்ல. அப்போ எனக்குக் காலெல்லாம் தளர்ந்துடும்" என்றார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வசவையும் மிரட்டலையும் பணத்தை முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. அண்ணிக்கு இப்போது 47. அவருக்கும் படபடப்பு. அப்பா இறந்த பிறகும் அவர் ஆரம்பித்தது இன்னொரு பெண்ணின் உடம்பில் தொடர்கிறது. அண்ணனுக்கு வைத்தியம் வேண்டும் என்று நான் சொல்வது அவனுக்காக மட்டும் இல்லை.

அப்பா கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் விழுந்தார். நடுவயதைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் இதை ஏன் யாரும் எழுதுவதில்லை என்று தெரியவில்லை. நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் இந்த ஊரில் பலருக்குக் கிடைக்கிற வேலை, தன்னை அடித்தவருக்கே பணிவிடை செய்வது. அப்பாவை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான். அண்ணன் மாதாமாதம் பணம் கொண்டுவந்து கீழேயே கொடுத்துவிட்டுப் போவான், மாடி ஏற மாட்டான். "பெத்த அப்பனை வந்து பார்க்காதவன்" என்று அவனுக்குப் பேர். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று எனக்குப் பேர். மாடி ஏற முடியாமல் நின்றவனுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை, மாடியிலிருந்து இறங்க முடியாமல் இருந்தவளுக்கு என்ன ஆகிறது என்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் கொடியிலிருந்து துண்டை எடுக்கக் கையை உயர்த்தினேன். அப்பா நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அடிக்கப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் துண்டோடு அப்படியே நின்றேன். பிறகு முதுகைத் துடைத்துவிட்டு, பவுடர் போட்டு, சட்டை மாட்டிவிட்டேன். அன்று இரவுதான் முதல்முறையாக நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்று நினைத்து, கணவர் என்னை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லம்மா, கேஸ் ட்ரபிள். டென்ஷன் ஆகாதீங்க, வாக்கிங் போங்க" என்றார் டாக்டர். அந்த அறையில் கணவர் இருந்தார், மகன் இருந்தான், நர்ஸ் வந்து வந்து போனார். யாராவது கேட்டிருந்தாலும் அங்கே சொல்லியிருப்பேனா, தெரியாது. மாதவிலக்கு நிற்கும் காலம் என்று இன்னொரு மருத்துவர் சொன்னார். அதிலும் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஹார்மோன் ஏறி இறங்குவதால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அதோடு நிறுத்திவிட முடியாது. வடக்கு கலிஃபோர்னியாவில் நாற்பது வயது தாண்டிய சுமார் 2,000 பெண்களிடம் எடுத்து 2019இல் வெளியான ஆய்வு, துணையிடம் மனரீதியான வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இரவு வியர்வையும் தூக்கமின்மையும் அதிகம் என்று காட்டியது. "எல்லாம் மெனோபாஸ்தான்" என்று ஒரு பெண்ணை அனுப்பிவைக்கும்போது அதற்கு அடியில் கிடப்பதையும் சேர்த்து அனுப்பிவிடுகிறோம்.

என் அம்மாவை அப்படித்தான் அனுப்பினார்கள். அவர் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கித் தின்றே காலத்தை ஓட்டினார். ஐம்பதைத் தாண்டியும் அடி வாங்கினார். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21இல், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்கும் இது 29. மிக நல்ல முறையில் எடுக்கப்படும் கணக்கு இது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டும் கேட்பார்கள். ஆனால் 18 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களிடம் மட்டுமே கேட்பார்கள். ஐம்பதாவது பிறந்தநாளோடு என் அம்மா அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டார். அண்ணன் எந்த வயதிலும் அதற்குள் இல்லை, நீ அடி வாங்கினாயா என்று அந்தக் கணக்கெடுப்பில் ஆண்களிடம் கேட்பதே இல்லை. ஐம்பதுக்குப் பிறகு அடிப்பவர் ஆள் மாறுவதும் உண்டு. எங்கள் தெருவில் காய்கறி விற்கும் அக்கா ஒருவரைக் குடிக்கக் காசு கேட்டு மகன் அடிக்கிறான். "புருஷன் அடிச்சா வெளிய சொல்லலாம்மா, புள்ள அடிச்சா எப்படிச் சொல்றது" என்றார். 2005 சட்டம் அம்மா மகன் மேல் புகார் கொடுக்கவும் இடம் தருகிறது. அது அவருக்குத் தெரியாது.

மாற்றம் எங்கே ஆரம்பிக்கலாம் என்றால், நடுவயதுக்காரர்கள் ஏற்கெனவே போய் நிற்கும் இடத்தில் என்பேன். சுகர், பிரஷர் மாத்திரை வாங்கும் வரிசை. அந்த வரிசையில் ஆணும் நிற்கிறான், பெண்ணும் நிற்கிறாள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய பிறகு தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். உங்களை யாராவது அடிக்கிறார்களா என்று அவர்களையே கேட்கச் சொல்லலாமே என்று முதலில் தோன்றும். எனக்கு அதில் பயம் இருக்கிறது. அடிப்பவர் பக்கத்து அறையில் இருக்கும்போது வாசலில் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டால், அவர்கள் போன பிறகு அடி விழும். எல்லோரிடமும் படிவம் வைத்துக் கேட்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டியும் பரிந்துரைக்கவில்லை. மனச்சோர்வு, படபடப்பு, காரணம் பிடிபடாத நாள்பட்ட வலி என்று வருபவரிடம், பயிற்சி பெற்றவர், தனிமையில் கேட்க வேண்டும் என்கிறது. அது பெண்களுக்காக எழுதப்பட்டது. ஆணிடம் கேட்க வேண்டிய இடம் குடியை நிறுத்த வரும் வார்டு, கோபத்தால் வேலை போனவன் வந்து உட்காரும் பெஞ்சு. 2022இல் நம் நாட்டில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிராவுக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. ஆண் தானாக வந்து சொல்வான் என்று காத்திருப்பதற்கு அவகாசம் இல்லை.

மனைவியோடும் அம்மாவோடும் கிளினிக்குக்குப் போகும் ஆண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் "கொஞ்சம் வெளியே இருங்க" என்றால் எழுந்து போங்கள், என்ன பேசினீர்கள் என்று பிறகு துருவாதீர்கள். நீங்கள் போகும்போதும் தனியாகப் பேசக் கேளுங்கள். எனக்கு அது நடந்தது ஒரு பெண் மருத்துவரிடம். கணவரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, "சின்ன வயசுல வீட்ல எப்படிம்மா?" என்றார். நான் பேசி முடிக்கும்வரை அவர் எதுவும் எழுதவில்லை. இப்போது மாத்திரையும் உண்டு, கவுன்சிலிங்கும் உண்டு. மூன்று மணி விழிப்பு குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அண்ணன் இன்னும் குடிக்கிறான். ஆனால் கவுன்சிலிங்குக்கு ஒருமுறை என்னோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "ஆம்பளைங்களும் வர்றாங்களா?" என்று கேட்டான். வருகிறார்கள் என்றேன். அடுத்த மாதம் தன் பேரில் சீட்டு போடச் சொல்லியிருக்கிறான்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போதே தேவைப்படலாம். பெண்களுக்கு 181. ஆண் பெண் யாரானாலும் மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா, 044-24640050.